செவுருக்கும் காது

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிய மைதானம்.
மழையில் குட்டை, மற்ற நாளில் செங்கல் தூள்,
நடுவே ஒரு மின்கம்பம்.
இடது பக்கத் தாக்குதலில் அது எங்களுக்குப் பழகிவிட்டது.
வெளியூர் அணிகள்தான் போய் முட்டும்.

மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் எட்டு.
எட்டும் தடுப்பாளர்கள்.
எதிர்த்துப் பேசாதவர்கள்.

ராத்திரி துறைமுகத்தில்
கண்டெய்னர் எண் எழுதுகிறேன்.
காலை ஐந்தே முக்காலுக்கு இங்கே விசில்.
கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தால்
பிள்ளைகளும் எண்களாகத்தான் தெரிகிறார்கள்.
ஏழு. பதினொன்று. ஒன்பது.

"குடுத்துட்டு நிக்காதே அப்ரார்.
கடன் குடுத்தவன் மாதிரி
அவ மூஞ்சியையே பாத்துக்கினு நிக்காதே.
குடு. ஓடு. திரும்பி வரும்."

முதலில் யார்டு மதிலில் பழக்கினேன்.
உதைத்த வேகத்துக்கே திருப்பித் தரும் மதில்.
"செவுரு உங்கிட்ட காரணம் கேக்குதா?"
பிறகு மதிலை விட்டு
யுவஸ்ரீயை நிறுத்தினேன்.
கோலுக்கு முதுகு, பந்துக்கு முகம்,
உள்பாதத்தால் ஒரே தொடுதல்.
ஆறு வாரம்.
நல்ல செவுரு என்று
அவள் காது படவே சொல்லியிருக்கிறேன்.

டார்வினுக்கு மட்டும்
ஒரு கேள்வி இருந்தது.
தினமும் வலது ஓரத்திலிருந்து
கோலைக் குறுக்கே வெட்டி ஓடுவது அவன் வேலை.
"பால் வராதுன்னா நா எதுக்குண்ணா ஓடணும்?"

"நீ ஓடுனா ஒம்பின்னாடி ரெண்டு பேர் வருவான்.
எடம் காலியாவும்."

"காலியானா?"

"வேற ஒருத்தன் பூருவான்."

"கோல் அவனுதா?"

"டீமுது."

சக்கரை அடுத்த மாசம் என்று சொல்லும்
ரேஷன் கடைக்காரரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டு
ஓடப் போனான்.
நான் சொன்னதும் முழு உண்மையில்லை.
கொஞ்ச நாளாக அவன் பின்னால்
ஒருவனும் போவதில்லை.

இன்று பாட்டில்களை எடுத்துவிட்டு
ஆட்களை நிறுத்தினேன்.
மூன்று பேர் தாக்க, நான்கு பேர் தடுக்க.
ஆறு வாரமாகத் தாக்குபவர்கள் மட்டுமா பழகினார்கள்?
ஓரத்தில் நின்ற லெனினும் பழகியிருக்கிறான்.
அப்ரார் கொடுத்த கணமே
யுவஸ்ரீயின் முதுகை விட்டுவிட்டு
அப்ரார் ஓடப்போகும் இடத்துக்கு ஓடினான்.
கடன் திரும்பும் வழியில்
ஈட்டிக்காரன் மாதிரி நின்றான்.

பந்து அவளிடம் வருகிறது.
திருப்பிக் கொடுத்தால் லெனினுக்கு.
கொடுக்காவிட்டால் என் விசிலுக்கு.

அவள் காலை அகட்டினாள்.

பந்து
நடுவே
போனது.

தப்பு என்று ஊத விசிலைக் கடித்தேன்.
ஊதினேனா, உறிஞ்சினேனா, தெரியாது.
அவளுக்குப் பின்னால்
பந்து வரும் என்று எண்ணியே பார்க்காத ஒருவன்
பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.
முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு
இரண்டு செருப்புகளுக்கு நடுவே
உருண்டு போனது.
வலித்த முகம்தான் முதலில். சிரிப்பு பிறகு.

"இன்னாடி பண்ண நீ?"

"லெனின் போய்ட்டாண்ணா. பின்னாடி யாரும் இல்ல."

"டார்வின் வரான்னு எப்டித் தெரியும்?
நீ திரும்பவே இல்லியே."

"மூச்சு சத்தம் கேட்டுச்சுண்ணா.
அவனுக்கு வீசிங்குல்ல."

மணலிப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில்
அவன் நெஞ்சு விசிலடிக்கும்.
இன்ஹேலர் என் பையில்தான் இருக்கிறது.
அந்தச் சத்தம் கேட்டு
நான் அவனை உட்கார வைத்திருக்கிறேன்,
பலமுறை.
பந்து கொடுக்கலாம் என்று
தோன்றியதில்லை.

அப்போது பார்த்து கூட்ஸ் வந்தது.
ஐம்பத்தெட்டு பெட்டி.
அது போய் முடியும்வரை
யார் பேசினாலும் வாய் மட்டும் அசையும்.
அது கோல்தானா என்று
அப்ராரும் டார்வினும்
கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள்.
நான் நோட்டைத் திறந்து
ஆறு வாரத்து அம்புக்குறிகளைப் பார்த்தேன்.
எல்லாம் அவளிடம் போய்
மடங்கியே வந்திருந்தன.

கடைசிப் பெட்டி போனதும் கத்தினேன்.
"சூப்பர். மறுபடி அதேதான். எடத்துக்குப் போங்க."

யுவஸ்ரீ நகரவில்லை.
செருப்புக் கோலுக்கு முதுகைக் காட்டி
என்னைப் பார்த்தே நின்றாள்.

"அதேவா? லெனின் கேட்டுக்கினு
நிக்கிறான் பாருண்ணா."